தொழில்: இல்லை

மார்ச் 3, திங்கள்

உரக்கடைக்காரன் ஓசியில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பூச்சியின் படம். இன்றைய பக்கத்தில் தண்டுத் துளைப்பான் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் தவமணி நேற்று மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "மார்க்கெட்ட இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறாய்ங்க. நீ யாவாரியா இல்லையான்னு நாளைக்கு ஒரு கேள்வி வரும். ஆளாளுக்கு ஒரு டைரி போட்டு, என்ன வித்துச்சு, என்ன நின்னுச்சுன்னு தெனம் எழுதி வையிங்க. அதேன் ஆதாரம்" என்றார். ஆதாரம்தானே, எழுதிவிட்டால் போகிறது.

என் பெயர் ஒச்சம்மாள். வயது ஐம்பத்தாறு. படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெண்டன் மார்க்கெட்டில் நாற்பத்தேழாம் நம்பர் கடை, வாழை இலை வியாபாரம், முப்பத்தொரு வருடம். எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தது என் மாமியார். மார்க்கெட்டைக் கட்டிய வெள்ளைக்காரக் கலெக்டர் பெயர் பெண்டன். உள்ளே மூட்டை தூக்கிய அத்தனை பேருக்கும் பெண்டு நிமிர்ந்ததால் அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இன்றைக்கு டிபன் இலை எல்லாம் போனது. தலைவாழை மூன்று கட்டு நின்றது. சோழவந்தான் தோட்டக்காரன் இப்போதெல்லாம் கட்டைக் கனமாகக் கட்டி அனுப்புகிறான். கேட்டால் எப்போதும் போல நூறு இலைதான் என்று சாதிக்கிறான். புளுகன்.

மார்ச் 4, செவ்வாய்

முகூர்த்தம் கிடையாது. ஈ ஓட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

காலேஜிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாவும் பன்னிரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். கட்டடத்தின் வரலாற்றை எழுதுகிறார்களாம். வளைவுகளை அளந்தார்கள், நடுவிலுள்ள குதிரைத் தொட்டியைப் படம் வரைந்தார்கள். தொட்டியில் குதிரை தண்ணீர் குடித்து எழுபது வருடம் இருக்கும், இப்போது கறிவேப்பிலைக்காரி அதில்தான் தூங்குகிறாள். அவளையும் சேர்த்தே வரைந்துவிட்டார்கள்.

பிறகு அந்த அம்மா மணிக்கூண்டைக் காட்டி, "இந்தக் கடிகாரம் ஏன் நாலு பத்துலயே நிக்குது?" என்று கேட்டார். தவமணி சற்றும் யோசிக்காமல், "பெண்டன் துரை உசுரு போன நேரம்மா அது" என்றார். தேங்காய்க்கடைக்காரர், "இல்லைங்க, சுதந்திரச் சேதி வந்த நேரம்" என்றார். பிள்ளைகள் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். நான், "சாவி கொடுக்கிற ஆளு ரிட்டயர்டு ஆயிட்டாரும்மா" என்றேன். அதை ஒருத்தரும் எழுதவில்லை.

இந்த இடம் முன்பு குளமாம். தூர்த்துவிட்டுத்தான் துரை கட்டினாராம். அது மட்டும் நிஜமாக இருக்கும். மழை பெய்தால் குளத்துக்குப் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது. முகப்பும் மணிக்கூண்டும் பாரம்பரியம் என்பதால் அப்படியே நிற்கும், பின்னால் முழுக்க இடித்து மூன்று மாடி எழுப்புவார்கள். கட்டி முடிக்கும்வரை வண்டிப்பேட்டை மைதானத்தில் தகரக் கொட்டகை. ஜனவரியில் நகராட்சி ஆட்கள் வந்து கடை கடையாகப் படிவம் நிரப்பிப் போனார்களே, அந்தப் பட்டியலில் பெயரும் தொழிலும் உள்ளவர்களுக்குத்தான் கொட்டகை, அப்புறம் அவர்களுக்குத்தான் புதுக்கடை.

மார்ச் 12, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். மீன்கடைச் சுவரில், அத்தனை நாற்றத்துக்கு நடுவில்.

46, தேங்காய். 48, வெற்றிலை. நடுவில் 47, ஒச்சம்மாள், தொழில்: இல்லை.

நான் மூன்று முறை படித்தேன். எனக்குப் பின்னால் நின்றவன் சத்தமாகப் படித்தான். மார்க்கெட்டே சிரித்தது. "ஏக்கா, இல்லாத கடையில முப்பது வருசமா என்னத்த வித்த?" என்று கேட்டான் ஒரு தக்காளிக்காரன். அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டு வந்தேன்.

வெற்று இலைக்குத்தான் வெற்றிலை என்று பெயர். சும்மா மென்று துப்புகிற வெற்று இலைக்குக் கடை உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சோறு போடுகிற இலைக்குக் கடை கிடையாது. நன்றாக இருக்கிறது நியாயம்.

48 காசிம் ராவுத்தர் கடை. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க்குழாய். அவர் இலையும் நனைய வேண்டும், என் இலையும் நனைய வேண்டும். அதில் வந்த சண்டையில் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இது நோன்பு மாதம் என்பதால் சாயங்காலம் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து என் பலகையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். நானும் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவி அவர் பலகையில் வைப்பேன். சண்டை வேறு, கஞ்சி வேறு.

பட்டியலைப் பார்த்துவிட்டு ஊரே சிரித்தபோது அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

மார்ச் 13, வியாழன்

நகராட்சி அலுவலகம் போனேன். மதிய நேரம். கிளார்க் ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"நாப்பத்தேழாம் நம்பரா? இல்லைன்னு இருக்கேம்மா."

"இல்லைன்னு இல்லைய்யா. எலை."

"எது இல்லை?"

"எலைய்யா!"

"அதேன், இல்லைன்னு போட்டிருக்கே."

"அய்யா, எலை. சோறு திங்கிற எலை!"

"சோறு இல்லையா?"

அவர் முன்னால் விரிந்து கிடந்த தயிர்சாதத்துக்கு அடியில் கையை விட்டு இலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "இந்தா, இது! ஒங்க பொட்டலத்துல கெடக்கே, இது!" பாதித் தயிர்சாதம் மேஜையில் போனது. மனிதருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அட, எலையா! பேசுறப்ப எலை, எழுதுறப்ப இலை. எவனோ ஒரு 'ல்' சேத்துப் போட்டுட்டான்போல."

ஒரே ஒரு எழுத்து. ஆனால் அதை அடிக்க அவருக்கு அதிகாரம் கிடையாதாம். ஜனவரியில் கையால் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்து, கமிஷனர் விசாரித்துத்தான் திருத்த முடியுமாம். ஏப்ரல் 9 விசாரணை. அன்றைக்குக் கடையில் இருந்தது யாரோ அவரையும் கூட்டி வரச் சொன்னார்.

நான் அன்றைக்குக் கடையில் இல்லை. வேறு சோலியாக வெளியே போயிருந்தேன். என் மகன் தங்கப்பாண்டிதான் கடையைப் பார்த்துக்கொண்டான். ஆனால் அவனுக்கு என்ன தெரியும், பாவம். பக்கத்தில் நின்று எதையோ சொல்லிக் கெடுத்தது அந்த ராவுத்தராகத்தான் இருக்கும்.

மார்ச் 15, சனி

பாண்டியிடம் விசாரணைக்கு வரச் சொன்னேன். அன்றைக்குச் சரக்கு இறக்க வேண்டும் என்கிறான். அவன் சரக்கு என்ன தெரியுமா? காகிதத் தட்டு. அதில் பச்சைச் சாயத்தைப் பூசி நரம்பெல்லாம் அச்சடித்து 'வாழை இலைத் தட்டு' என்று ஓட்டல்களுக்குப் போடுகிறான். இலைக்காரி வயிற்றில் இப்படி ஒரு பிள்ளை.

"விடும்மா. முப்பது வருசம் ஒழைச்சது போதாதா? வீட்ல ஒக்காந்து டிவி பாரு" என்றான்.

"டிவியில என்னடா இருக்கு?" என்றேன்.

"மார்க்கெட்ல மட்டும் என்ன இருக்கு?" என்றான். எழுந்துபோனேன். மாவாட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்பது வருட மௌனத்தை உடைத்துவிட்டேன். நல்லவிதமாக இல்லை.

குழாயடியில் வைத்துக் கேட்டேன். "ஏன் ராவுத்தரே, சர்வே எடுக்க வந்தவனுக்கிட்ட எங்கடையப் பத்தி என்ன சொன்னீக?" அவர் வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். நான் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "ஆமா தாயி. நாந்தேன் சொன்னேன். வாய் தவறிப்போச்சு" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அத்தனை வார்த்தை வந்ததோ. நாசமாய்ப் போவீர், உம்முடைய வெற்றிலை அழுகும், சுண்ணாம்பு நாக்கைப் பொத்துப்போடும் என்றெல்லாம் வாரி இறைத்தேன். மனிதர் அடுத்த வெற்றிலையைத் துடைக்க எடுத்தார். நோன்பு பிடித்த வாயால் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். ஆகவே அவர்தான்.

சாயங்காலம் கஞ்சி வந்தது. குடித்தேன்.

மார்ச் 22, சனி

கட்டு கை நழுவி விழுந்தது. தோட்டக்காரன் நாரில் எண்ணெய் தடவியிருப்பான். முப்பது இலை கிழிந்தது. ராவுத்தர் எழுந்து வந்து பொறுக்கி, பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மேல்ரேக்கில் இருக்கும் தாம்பாளத்தை எடுக்க முக்காலி போட வேண்டியிருக்கிறது. பாண்டி ரேக்கை உயரத்தில் அடித்துவிட்டான்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். 48 மூடிக் கிடந்தது. பக்கத்தில் ஆளில்லாமல் கடை என்னவோபோல் இருந்தது, திட்டுவதற்கும் ஒருத்தர் வேண்டியிருக்கிறது. மதியம் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பிரியாணியைத் தின்றேன். மன்னிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

புது மார்க்கெட் எப்படி இருக்கும் என்று வாசலில் பெரிய படம் வைத்திருக்கிறார்கள். நகரும் படிக்கட்டு, கண்ணாடிக் கூரை, காரோடு நிற்கிற குடும்பம். ஓரத்தில் சுங்குடிச் சேலை கட்டி, கூடையில் வாழை இலையோடு ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கான்டிராக்டரின் ஆள் ஒருவன் பக்கத்தில் நின்றான்.

"இது யாருப்பா?" என்றேன்.

"சும்மா, பாரம்பரியமா இருக்கட்டும்னு போட்டதும்மா."

படத்தில் இலைக்காரிக்கு இடமிருக்கிறது. பட்டியலில்தான் இல்லை. அவளுக்கு இலையைச் சுருட்டக்கூடத் தெரியவில்லை, நுனியை வெளியே தொங்கவிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது, அதற்கும் சேர்த்து அழுதேன். கடை போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? அதை யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாண்டி நாளைக்கு வரமாட்டேன் என்றான். வயிற்று வலி என்றான், சரக்கு என்றான், அப்புறம் போன வாரமே செத்துப்போன ஒருத்தர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகணும் என்றான். "நீ வரலைன்னா நான் படியேறுறப்ப விழுந்து சாவேன்" என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. வருகிறேன் என்றான்.

ஏப்ரல் 9, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தோம். கடை அளவு குறைந்தவன், பெயர் மாறியவன், அப்பன் பெயரில் கடை இருப்பவன் என்று ஆளுக்கொரு குறை. கமிஷனர் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர். என் முறை வந்ததும் ஜனவரிப் படிவத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார்.

"இதுல கம்ப்யூட்டர் தப்பு ஒண்ணும் இல்லையேம்மா. படிவத்துலயே இல்லைன்னுதான் எழுதியிருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டது உங்க மகன்."

பார்த்தேன். தொழில்: இல்லை. கீழே, ரா. தங்கப்பாண்டி, மகன். அது சர்வேக்காரன் எழுத்து கிடையாது. ராவுத்தர் சொல்லி எவனோ எழுதியதும் கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் இடம் விட்டு, கோடு போட்டது மாதிரி, நிதானமாக, அவன் கையால் எழுதியிருந்தான். நான் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய எழுத்து எனக்குத் தெரியாதா?

திரும்பிப் பார்த்தேன். பாண்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. இவன் பொய் எழுதிவிட்டான் என்று சொல்லலாம். சொன்னால், குடும்பத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அதற்குள் மூன்று மாடியும் எழும்பிவிடும். அதோடு, நாற்பது பேருக்கு நடுவில் பெற்ற பிள்ளையைத் திருடனைப் போல நிறுத்த வேண்டும். பேசாமல் வந்துவிடலாம். வந்தால் கடை போகும்.

"அய்யா," என்றேன், "எலைன்னு எழுத வந்தவன் ஒரு 'ல்' சாஸ்தி போட்டுட்டான். இவனுக்குச் சின்னதுலருந்தே தமிழ் வராதுய்யா."

கூடம் சிரித்தது. கமிஷனரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாண்டியைப் பார்த்தார். "என்னப்பா, இலைக்கு எத்தனை 'ல்'?"

தங்கப்பாண்டி பி.ஏ. தமிழ் இலக்கியம். முதல் வகுப்பு. காலேஜில் கட்டுரைக்குக் கோப்பை வாங்கினவன். கடைப்பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வருகிறவன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ரெண்டுன்னு நெனச்சுட்டேன் சார்" என்றான்.

நாற்பது பேரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். கமிஷனர் சிவப்புப் பேனாவால் ஒரு 'ல்'லை அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். முடிந்தது. வண்டிப்பேட்டை மைதானத்தில் எனக்குக் கொட்டகை உண்டு.

வரும் வழியில் அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ராவுத்தர் கடை முன்னால் போய் நின்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

"பக்கத்துலதான நின்னேன்."

"அப்புறம் ஏன் நீங்க சொன்னதா சொன்னீக? நோன்பு பிடிச்சுக்கிட்டுப் பொய்யா?"

"அதுக்கு ஈடா இன்னொரு நோன்பு பிடிச்சுக்கிறேன்." வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "நீ எங்கூட சண்டை போட்டாலும் மறுநா எம்பக்கத்துலதேன் வந்து ஒக்காரணும். மகங்கூடப் போட்டா எங்க போயி ஒக்காருவ?"

சுண்ணாம்பு, அழுகல் என்று நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவள், "கொட்டகையிலயாச்சும் ஆளுக்கொரு கொழா வாங்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

சரி, எழுதிவிடுகிறேன். ஜனவரியில் சர்வே எடுத்த நாள் நான் சோலியாக வெளியே போகவில்லை. காலை ஆறரை மணிக்கு வண்டியிலிருந்து கட்டை இறக்கும்போது வலது கை மரத்துப்போய், கட்டோடு கீழே விழுந்தேன். கண் விழித்தபோது பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனது ராவுத்தர். அப்போதும் எங்களுக்குள் பேச்சு இல்லை. பாண்டி என்னைப் பார்த்துவிட்டு அவரோடு கடைக்குத் திரும்பியிருக்கிறான், அந்த நேரம் பார்த்து சர்வேக்காரன் படிவத்தோடு வந்திருக்கிறான்.

ஆதாரம் என்று எழுத ஆரம்பித்த டைரி. இனி இதை எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது.

ஏப்ரல் 11, வெள்ளி

பாண்டி இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கருவாட்டுக்கு அவனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒன்பது மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஊரே சிரிக்குதும்மா" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"சிரிக்கட்டும். ஏன்டா அப்படிச் செஞ்ச?"

"ஆஸ்பத்திரியில நீ கெடந்த கெடையப் பாத்தேன். நீ செத்தே போயிட்டன்னு நெனச்சேன். அந்தக் கடைதேன் ஒன்னக் கொல்லுதுன்னு தோணுச்சு. எதுத்தாப்ல ஒருத்தன் பேனாவோட நிக்கிறான். எழுதிட்டேன்."

"அத எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானடா? கவர்மெண்டுக்கிட்டயா சொல்லுவ?"

"சொன்னா கேட்டுருப்பியா?"

"கேட்டுருக்க மாட்டேன்."

கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் முப்பத்தொரு வருடத்தை ஒரு வார்த்தையில் இல்லை என்று எழுத இவன் யார்? ஆனாலும் நாற்பது பேருக்கு முன்னால், படித்த படிப்பை எனக்காகக் கீழே போட்டுவிட்டு நின்றவனும் இவன்தான்.

குழம்பு ஊற்றப் போனேன். சட்டியை வலது கையால் தூக்கினேன், கை பாதியில் நின்றுவிட்டது. வழக்கமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். சட்டி கனம் என்பேன், கைப்பிடி வழுக்குது என்பேன். அவனும் ஏதோ சொல்லப் போகிறேன் என்றுதான் காத்திருந்தான்.

சட்டியைக் கீழே வைத்தேன்.

"பாண்டி, என்னால கட்டு தூக்க முடியலடா" என்றேன்.

முடியல என்கிற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷன் இருந்தபோது அவரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு உடம்பே லேசானது மாதிரி இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

"எத்தன நாளா?"

"தீவாளியிலருந்து."

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் இடது கையால் அவன் தலையைத் தடவிவிட்டேன், அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. கடையை விடமாட்டேன், விலை பேசவும் இலை அடுக்கவும் ஒரு கை போதும், தூக்குவதற்குத்தான் ஆள் வேண்டும் என்று சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சாப்பிட்டு எழுந்தவன் போனில் அலாரம் வைத்தான். சோழவந்தான் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டான். ஐந்தரை என்றேன். கட்டை நாரைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும் என்றேன். சரி என்றான். நாளைக்கு எப்படியும் பத்து இலையாவது கிழிப்பான்.